மொட்டையாண்டி மலையின் கொல்லைப்புறம்

அந்த மலைக்கு அந்த நாட்டுக்காரர்கள் நம் வாயில் நுழையாத ஏதோ ஒரு பேர் வைத்திருந்தார்கள், கம்பெனி வரைபடத்தில் அதற்கு வெறும் நம்பர்தான் இருந்தது, ஆனால் அதன் அடிவாரத்துக் கல்குவாரி கேம்ப்பில் கிடந்த நம்மாட்கள் அறுபத்துச் சொச்சம் பேரும் அதை மொட்டையாண்டி என்றுதான் சொன்னார்கள். பேருக்குக்கூட ஒரு புல் கிடையாது, நிழல் என்று ஒதுங்க ஒரு மரம் கிடையாது, பாலைவனத்துக்கு நடுவில் முடியிறக்கி சந்தனமும் பூசாமல் விட்ட தலையாக அது நின்றது. கேம்ப்பில் போன் சிக்னல் கிடையாது என்பதால் வார லீவான வெள்ளிக்கிழமை விடியுமுன்னே எல்லாரும் அந்த மலையில் ஏறுவார்கள், ஏறி ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற தட்டைப் பாறையில் போய் உட்காருவார்கள், அங்கே மட்டும் எங்கிருந்தோ ஒரு கோடு சிக்னல் வரும், அந்த ஒரு கோட்டில் குரல் போகும், முகம் போகாது. போன் பாறையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து அறுபது பேர் அறுபது வீட்டுச் சங்கதி பேசுவார்கள், ஒருத்தன் சிரிப்பான், பக்கத்தில் இருப்பவன் அழுவான், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அந்தப் பாறையின் மரியாதை.

அடைக்கலத்துக்கு அந்தப் பாறையில் வாய்த்த நேரம் ஊர்க் கணக்கில் ஏழரையிலிருந்து எட்டே கால், கேம்ப் கடிகாரம் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். எட்டே காலுக்கு அறந்தாங்கிப் பக்கம் கொழுவனூரில் பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடிக்கும், யூகேஜி படிக்கிற அவன் மகள் மதுநிஷா போனைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். டிப்பர் லாரி ஓட்டுகிறவனுக்கு வாரம் பூராவும் காதில் கல் உடைகிற சத்தம், அந்த முக்கால் மணி நேரம் மட்டும் அந்தப் பிள்ளையின் வாய். அது வாயா! இட்லியை மென்றுகொண்டே மிஸ் வைத, நாய் குட்டி போட்ட, பென்சில் தொலைந்த கதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டும். அவள் எட்டு மாதக் கைக்குழந்தையாக இருக்கையில் விமானம் ஏறியவன் அவன், நடுவில் வந்த ஒரே லீவை வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதற்காக வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவன், போனில் தெரிகிற அவன் படம்கூட விமானம் ஏறின வருஷம் ஒரு நீரூற்றுக்கு முன்னால் கூலிங்கிளாஸ் போட்டு, தலை நிறைய முடியோடு எடுத்தது. இப்போது தலையில் மலைக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சித்திரையில் அவனுக்கு இரண்டு மாத லீவு. அந்த இரண்டு மாதத்தில் பிள்ளையைத் தோளை விட்டு இறக்கப்போவதில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, குவாரியில் வைத்த வெடிக்கு வழக்கமான பாதையின் இரண்டாவது வளைவு சரிந்து கிடந்தது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருத்தராகக் கல்லைப் பிடித்துத் தாண்டிக்கொண்டிருக்க, பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். அடைக்கலம் கடிகாரத்தைப் பார்த்தான். இந்த வரிசையில் நின்றால் வேன் வந்துவிடும், அப்புறம் ஒரு வாரம் போய்விடும். இடது பக்கம் ஒரு காய்ந்த ஓடை மேலே போயிற்று, ஐந்து வருஷமாகப் பார்த்த ஓடைதான், யாரும் போனதில்லை. “அது முட்டுச் சந்து மாப்ள, போகாத” என்று கோட்டைப்பட்டினத்துச் சமையல்காரர் மீராசா கத்தினார். போய்த்தான் பார்ப்போமே என்று அவன் இறங்கிவிட்டான்.

ஓடை ஏறியது, குறுகியது, கடைசியில் இரண்டு பாறைக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்தாக ஆயிற்று. வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தான், சட்டைப் பித்தான் இரண்டு தெறித்தது, பாறையின் சூடு முதுகில் பட்டது, பிறகு பாறை குளிர்ந்தது, பிறகு இறக்கம், இறங்க இறங்கக் காலடியில் சரளை போய்ச் செம்மண் வந்தது, சாணி வாடை வந்தது, கருவேல முள் ஒன்று லுங்கியைப் பிடித்து இழுத்தது. முள்ளை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் அவன் வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லில் அவன் பெண்டாட்டி அழகுமீனாள் பிள்ளையின் யூனிபாரத்தைக் கும்மிக்கொண்டிருந்தாள்.

அவள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“என்னங்க, லீவு சித்திரைலனு சொன்னீங்க?”

“இது லீவு இல்ல மீனா. மலையில குறுக்கு வழி ஒண்ணு கெடந்துச்சு.”

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“ஷூவ அங்கிட்டே கழட்டிட்டு வாங்க, இப்பத்தான் கூட்டிவிட்டேன்” என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, ஈரக் கையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

வீட்டுக்குள் மதுநிஷா அம்மாவின் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள். “ஒங்கப்பாடி, அப்பா!” என்று மீனா இழுத்துவிட்டாள், அது வரவில்லை. அவனுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை, போனில் வண்டி வண்டியாகப் பேசுகிறவனுக்கு நேரில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. “நல்லாருக்கியா ஆத்தா?” என்று கேட்டான், ஏதோ கல்யாண வீட்டில் கேட்கிற மாதிரி. வேன் வந்தது. ஓடிவிட்டாள். “புது ஆளுல்ல, பழகிரும்” என்றாள் மீனா, அக்கம்பக்கத்துப் பெண்களும் அதையே சொன்னார்கள், அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

சாயங்காலம் அதே சந்து வழியாகத் திரும்பி வந்து, கேம்ப்பில் ஆட்களை எண்ணுகிற ஆறு மணித் தலை எண்ணிக்கையில் நின்றான். பை நிறைய முறுக்கு கொண்டுவந்திருந்ததால் யாரும் அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. தூத்துக்குடித் தங்கமாடன் ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, “ஏ, எண்ணெ புதுசுல்லா இது” என்றான், அதோடு விசாரணை முடிந்தது. ஒரு மலையின் முதுகில் ஊர் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று சர்வே படித்த ஒரு பையன் மட்டும் கேட்டான். “வழிய வச்சவன் காரணமில்லாம வைக்க மாட்டான், நீ நடந்துட்டுப் போ” என்று மீராசா சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அறுபது பேரும் அந்தச் சந்தில் நுழைந்தார்கள். அது நியாயமான சந்து, அடைக்கலத்தின் ஊருக்கே எல்லாரையும் கொண்டுபோய்த் தள்ளவில்லை, அவனவனை அவனவன் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் விட்டது. மீராசா அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் முளைத்தார், அன்றைக்கு ஜும்மாவைச் சொந்த ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதார். தங்கமாடன் அவன் வீட்டு வாழைக்குள் வந்து நின்றான். நேபாளத்து ஆட்களும் பெஷாவர்க்காரர்களும் தெலுங்கு ஆட்களும் நுழைந்தார்கள், நேபாளிகள் திரும்பி வரும்போது அவர்கள் சட்டையில் பனி இருந்தது, அந்தப் பனியைக் கேம்ப்பில் எல்லாரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்கள்.

அப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது, வழக்கமானால் அதற்கு வேண்டியதெல்லாம் தானாக வந்து சேரும். வியாழக்கிழமை சாயங்காலம் கேம்ப்பில் முகச்சவரத்துக்கு வரிசை நின்றது. ஊர்களில் காதுகுத்தும் நிச்சயதார்த்தமும் வெள்ளிக்கிழமைக்கு மாறின, எட்டிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம் என்று குறித்துக்கொடுக்க ஐயர்களும் பழகிக்கொண்டார்கள். எந்த வீட்டில் கிழடு கட்டை இழுத்துக்கொண்டு கிடந்தாலும் “வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குமா?” என்றுதான் விசாரித்தார்கள். பால்பவுடர் டின்னும் தலைவலித் தைலமும் முதல் வாரம் போதும் என்றிருந்தது, மூன்றாவது வாரம் மிக்ஸி கேட்டார்கள், ஐந்தாவது வாரம் தங்கமாடன் ஒரு மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்து அந்தச் சந்துக்குள் திணித்துக் கொண்டுபோனான். கொண்டுபோய்ப் பார்த்தால் அதைப் போட அவன் வீட்டில் இடமில்லை, அவனுடைய அறையில் வெங்காய மூட்டை அடுக்கியிருந்தார்கள். “வாரத்துல ஒருநா, அதுவும் பகல்ல வாற ஆளுக்கு ரூம் எதுக்குனு எம் பொஞ்சாதி கேக்கா மக்கா” என்று திரும்பி வந்து சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடைக்கலம் போன் பாறைப் பக்கமே போகவில்லை. நேரில் போகிறவனுக்குப் போன் எதற்கு? பிள்ளைக்குத் தினுசு தினுசாக வாங்கிக்கொண்டு போனான், பேசுகிற பொம்மை, விளக்கெரிகிற ஷூ, பேரீச்சம்பழம். அவள் வாங்கிக்கொள்வாள், “தேங்க்யூ அங்கிள்” என்று சொல்வாள், மீனா அவள் தொடையில் கிள்ளுவாள், பிள்ளை கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நிற்பாள். அந்த முக்கால் மணி நேரம் தீர்ந்து வேன் வந்துவிடும். சாயங்காலம் வேன் அவளை இறக்கிவிடுவது நாலே காலுக்கு, அவன் தலை எண்ணிக்கைக்குத் திரும்ப நாலு மணிக்கே கிளம்பியாக வேண்டும். சந்துக்குள் நுழைகிறபோது தெருமுனையில் வேன் ஹாரன் கேட்கும். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்த அலுப்பில் மடியில் சாய்ந்தால், சாய்ந்துகொண்டே வாய் திறந்தால், பழகிவிடும் என்று அவனுக்குப் பட்டது. படுபாவி, அங்கேதான் அவன் புத்தி கெட்டுப்போனது.

மலைக்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை, சும்மா போய்க்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஐந்து வருஷமாக மூத்திரம் பெய்யப் போனாலும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டுப் போன ஆள் அவன். சொல்லாமல் நகர்ந்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாது. முடி வெட்டி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கேம்ப் பொறுப்பாளர் எட்வின் சார் அறைக்குப் போய், முறைப்படி ஒரு பாரத்தை நிரப்பி நீட்டினான். காரணம் என்ற இடத்தில், மலை வழியாக வீடு செல்ல, என்று எழுதியிருந்தான். வெள்ளிக்கிழமை மட்டும் தலை எண்ணிக்கையை ஆறிலிருந்து ஏழுக்குத் தள்ளிவைக்கக் கேட்டிருந்தான்.

எட்வின் சார் நாகர்கோவில்காரர், தங்கமான மனுஷன் என்று பேர். ஆச்சரியப்படவே இல்லை.

“போக எத்ர நேரமாவும்?”

“ரெண்டு மணி நேரம் சார். வர மூணே கால், ஏத்தம்ல.”

“எல்லாரும் போறாவளா?”

“பெரும்பாலும் சார்.”

“சரி, மேல அனுப்புதேன்” என்று சீல் குத்தினார்.

மேலே இருந்தவர்களும் ஆச்சரியப்படவில்லை. பத்து நாளில் மெஸ் சுவரில் நாலு மொழியில் ஒரு தாள் ஒட்டினார்கள். தொழிலாளர்கள் வாரந்தோறும் தம் வீடுகளுக்குச் சென்றுவருவது கம்பெனியின் கவனத்துக்கு வந்திருப்பதால் வருடாந்திர விடுப்பும் விமானச் சீட்டும் இனித் தேவைப்படாது, வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு வீட்டிலேயே கிடைப்பதால் அன்று மெஸ் மூடப்படும், தலை எண்ணிக்கை வழக்கம்போல் ஆறு மணிக்கே. கீழே ஒரு வரி, எடுத்துச்சொன்ன ஊழியர் திரு. அடைக்கலத்துக்கு நிர்வாகத்தின் பாராட்டுகள்.

அறுபது பேரும் அந்தத் தாளைப் படித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்கள். “உன்ன யார்ரா கேக்கச் சொன்னா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா என்னடா?” என்று ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். மீராசாதான் விலக்கிவிட்டார், விலக்கிவிட்டவரும் அப்புறம் இரண்டு நாள் அவன் தட்டில் சோற்றை எட்டி நின்றே போட்டார். அடைக்கலத்துக்குச் சித்திரை லீவு போய்விட்டது, இரண்டு மாதம் போய்விட்டது, அதுவும் அவனே பாரம் எழுதிக் கொடுத்துப் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவன் கொல்லையில் ஷூவைக் கழற்றியதும் மீனாவிடம் சொன்னான், “நான் திரும்பிப் போகல. இங்கிட்டே இருந்துர்றேன்.”

மீனா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். கத்தவில்லை, கோபப்படவும் இல்லை.

“இருந்து?”

“என்ன வேலையாச்சும் பாக்குறேன். இங்க லாரி இல்லையா?”

“மாடி பாதியில நிக்கிது. அத விடுங்க, அதுகூட இல்ல. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போன அன்னிக்கிலேர்ந்து நீங்க இல்லாம இருக்கப் பழகுனேன். அதுக்கே எனக்கு மூணு வருசம் ஆச்சு, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப வாராவாரம் வர்றீங்க, வியாழக்கெழம பூரா வீட்ட ஒதுக்குறேன், மீனு வாங்குறேன், நீங்க போனதும் சனி ஞாயிறு ரெண்டு நாளும் புதுசா பொறப்பட்டுப் போன மாதிரியே கெடக்கு. மறுபடி பழகுறதுக்குள்ள வெள்ளிக்கெழம வந்துருது. நான் எத்தன தடவதாங்க பழகுவேன்?”

ஐந்து வருஷமாக நடுவில் கிடக்கிற கடலைத்தான் அவன் வைதுகொண்டிருந்தான். இப்போது வைவதற்குக் கடலும் இல்லை. அவனுக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“இன்னும் ரெண்டு வருசம் போகட்டும்” என்றாள் மீனா. அது பொறுமையாகச் சொன்ன குரல், அதனால்தான் அவனுக்கு அவ்வளவு வலித்தது.

மற்றவர்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் போல, யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. பங்குனி முடிவதற்குள் ஓடைப் பக்கம் திரும்புகிற ஆட்கள் குறைந்துபோனார்கள். தங்கமாடன் போன் பாறைக்கே திரும்பிவிட்டான், “போன்ல அவ நல்லாப் பேசுதா” என்றான். சரிந்த வளைவைச் சீர்படுத்தி, பாறைக்குப் போகிற வழியை முன்னைவிட அகலமாக்கினார்கள். ஓடையும் பாதையும் பிரிகிற இடத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பிரிந்து போனார்கள். அடைக்கலம் மட்டும் ஒரு வாரம்கூட விடாமல் ஓடைப் பக்கம் திரும்பினான். கோடை லீவில் பகல் பூராவும் வீட்டில் இருந்தும் பிள்ளை அவன் பக்கம் வரவில்லை. பழகிவிடும், பிள்ளைதானே, இன்றைக்குப் பழகிவிடும்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக இறங்கிவிட்டான். மாட்டுக் கொட்டகை ஓரமாகக் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து பேச்சு கேட்டது.

“அம்மா, அப்பா இன்னிக்கும் போன் பண்ணலம்மா.”

“போன் எதுக்குடி, ஏழரைக்கு நேர்லயே வந்துருவாங்களே.”

“அவங்க இல்லம்மா. எங்க அப்பா.”

“அவங்கதாண்டி ஒங்கப்பா, எத்தன தடவ சொல்றது?”

“இல்ல” என்றாள் மதுநிஷா. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். “எங்கப்பா நல்லாப் பேசுவாங்க.”

அடைக்கலம் ஈரக் காலோடு அங்கேயே நின்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனான், வைக்கோல் போருக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்தான், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மீனாவின் நம்பரைப் போட்டான். உள்ளே மணி அடித்தது. கூலிங்கிளாஸ் போட்ட படம் வந்திருக்கும், தடதடவென்று ஓடி வருகிற சத்தம் கேட்டது.

“அப்பா!”

அந்தக் குரல் முதலில் சுவர் வழியாக வந்தது, ஒரு நொடி பிந்திப் போன் வழியாக வந்தது.

“ஆத்தா” என்றான். இத்தனை மாதமாக நேரில் வராத குரல் அவனுக்கு வந்துவிட்டது. “என் தங்க ஆத்தா, என்ன செய்யிறிய?”

“ஏம்ப்பா இத்தன நாளு போனே பண்ணல? எனக்குப் பல்லு விழுந்துருச்சுப்பா! கூர மேல போட்டேன். அப்புறம் மகிழன் இருக்கான்ல, அவன் என்னோட ரப்பரக் கடிச்சுட்டான்ப்பா, மிஸ்கிட்டச் சொன்னேன், மிஸ் அவன பெஞ்சு மேல நிக்க வச்சாங்க, அவன் அழுதான், அப்புறம் நான் என் மிட்டாயக் குடுத்தேன்...” பிள்ளை பொழிந்து தள்ளினாள். அவன் வைக்கோலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, உம் கொட்டினான், அப்படியா என்றான், அடேங்கப்பா என்றான், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். ஆறு மாதத்துக் கதை அத்தனையும் வந்தது. கொல்லைக் கதவு வரைக்கும் மீனா வந்து நின்றதும், அவனைப் பார்த்ததும், திரும்பிப் போனதும் அவனுக்குத் தெரிந்தது.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. பிள்ளை குரலைத் தணித்துக்கொண்டாள், ரகசியம் சொல்கிற மாதிரி வாயைப் போனுக்குள் வைத்துக்கொண்டு பேசினாள்.

“அப்பா, ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்டச் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன் ஆத்தா.”

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நம்ம வீட்டுக்கு ஒரு ஆளு வர்றாங்கப்பா. மொட்டத் தல. நெறைய வாங்கிட்டு வர்றாங்க. அம்மா அவங்கள அப்பானு கூப்பிடச் சொல்லுது. நான் கூப்பிடவே இல்லப்பா, ஒரு தடவ கூட. நீங்க கோவிச்சுக்குவீங்கல்ல?”

அடைக்கலம் வாயைத் திறந்தான். சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தூரத்தில், பிள்ளை மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

“கூப்பிடாத ஆத்தா” என்றான். “அப்பா வந்து பாத்துக்கிறேன்.”

“எப்பப்பா வருவீங்க?”

“லீவு குடுத்ததும்.”

வேன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. வேனின் சத்தம் ஊர் எல்லை தாண்டிப் போகிற வரைக்கும் அவன் வைக்கோல் போரை விட்டு வெளியே வரவில்லை.